துரையின் வயிறு நின்றுபோன நாட்கள்

முயல் கத்தும் என்று எனக்குத் தெரியாது. குரலே இல்லாத பிராணி என்றுதான் நினைத்திருந்தேன். அன்று காலை பின்கட்டிலிருந்து அந்த அலறல் கேட்டபோது, பக்கத்து வீட்டில் யாரோ குழந்தைக்குச் சூடு போடுகிறார்கள் என்று எண்ணிக் கையில் கரண்டியோடு ஓடினேன். கத்தியது எங்கள் முயல். கூண்டுக்குள் பக்கவாட்டில் விழுந்து, பின்னங்கால்களால் பலகையை உதைத்துக்கொண்டிருந்தது. ஒரு நகம் பெயர்ந்து வெள்ளை ரோமமெல்லாம் இரத்தம். தூக்கலாம் என்று கையை உள்ளே விட்டேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை என் தோலை உரித்துவிட்டது.

இப்போதெல்லாம் பினாங்கில் பிள்ளைகளுக்கு முயல் வாங்கிக் கொடுப்பது அதிகமாகிவிட்டது. பாசாரில் கோழிக்கூடைகளுக்குப் பக்கத்திலேயே வைத்து விற்கிறார்கள். வாங்கிப்போனவர்கள் கொஞ்ச நாளில் என்னிடம் வந்து, "உங்க முயலுக்கு வயித்துல வந்துச்சே, அது என்னா சீக்கு?" என்று கேட்கிறார்கள். ஒருவரிடம் சொன்னதை இன்னொருவரிடம் மாற்றிச் சொல்லிவிட்டேனோ என்று எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஆகவே எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நான் கான்வென்டில் ஏழாவது வரை படித்தவள். வைத்தியம் படித்தவள் அல்ல. எங்காவது தவறு இருந்தால், டாக்டர் சொன்னதை நான் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை என்று கொள்ளவும்.

என் கணவர் துறைமுகத்துக் கப்பல் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் கிராணி. அவருடைய மேலதிகாரியான வெள்ளைக்காரர் குடும்பத்தோடு சீமைக்குத் திரும்பியபோது, அவர் பிள்ளைகள் வளர்த்த முயலை எங்கள் மகள் சாரதாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளை உடம்பு, சிவப்புக் கண். "ஆபீஸ்ல ஒரு துரை, வீட்ல ஒரு துரை. ரெண்டு பேருக்கும் நான்தான் சேவகம்" என்றார் என் கணவர். துரை என்பதே அதற்குப் பேராகிவிட்டது.

சாரதாவுக்கு அப்போது ஐந்து வயது. முந்தைய வருஷம் கடுமையான சீதபேதியில் கிடந்து எழுந்தவள். பிழைத்துக்கொண்டாள், ஆனால் சாப்பாட்டை வெறுத்துவிட்டாள். மூக்கைப் பிடித்துத் திணிப்போம், துப்புவாள். அடிப்போம், அழுதபடி வாந்தி எடுப்பாள். அவள் முதுகைத் தேய்க்கும்போது எலும்புகள் என் விரலில் இடறும். துரை வந்த பிறகுதான் மாற்றம் வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வாள். அது கீரைத்தண்டை ஒரு கடி கடித்தால் இவள் ஒரு வாய் வாங்குவாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் கன்னத்தில் மெல்லச் சதை பிடித்தது.

வெளியார் சிரிக்கலாம், ஒரு முயலுக்கு இவ்வளவு பாடா என்று. துரை சாப்பிடாத நாளில் என் மகள் சாப்பிட மாட்டாள். எனக்கு விஷயம் அவ்வளவுதான்.

முதல் தடவை நோய் வந்தபோது எங்களுக்கு அது நோய் என்றே படவில்லை. துரை மூலையில் கூனி உட்கார்ந்திருந்தது. புழுக்கை போடவில்லை. வயிறு பந்துபோல இருந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனால் பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம். அது ஏதோ மெல்லுகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். மெல்லுவதற்கு வாயில் ஒன்றுமே இல்லை. வலி தாங்காமல் பல்லைக் கடிக்கிறது என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

எங்களோடு இருக்கும் என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வீட்டில் விரதம், விளக்கு, வைத்தியம் மூன்றும் அவர் பொறுப்பு. குனிந்து பார்த்துவிட்டு, "வயிறு கெட்டுக் கெடக்கு. லங்கணம் போடு. நாளைக்கு எண்ணெய் குடுத்துருவோம்" என்றார்.

எங்கள் வீட்டில் வயிற்றுக்கு இந்த இரண்டே மருந்துகள். ஒன்று பட்டினி, மற்றது விளக்கெண்ணெய். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேதிக்குக் கொடுக்கும் நாள். சாரதாவின் கால்மேல் அண்ணி உட்கார்ந்துகொள்வார். நான் கையைப் பிடிப்பேன். மூக்கை அடைத்துப் பாலாடையால் தொண்டைக்குள் ஊற்றுவோம். அவள் நீலம் பாரித்து, திமிறி, கடைசியில் விழுங்குவாள். என்னையும் என் அம்மா அப்படித்தான் வளர்த்தார். இதில் கொடுமை இருப்பதாக நான் நினைத்ததே இல்லை. துரைக்கும் அதே பாலாடையால் ஊற்றினோம். அது என் மடியில் சிறுநீர் கழித்து, அண்ணியின் கட்டைவிரலைக் கடித்துக் கிழித்தது. மூன்றாம் நாளோ என்னவோ, எழுந்து உட்கார்ந்து புல் தின்றது.

அதுதான் எங்களைக் கெடுத்தது. அது தன்னால் பிழைத்தது. பிழைக்க வைத்தது எண்ணெய் என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம்.

அடுத்த மாதம் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை எண்ணெயைக் கூட்டிக் கொடுத்தோம், பட்டினியையும் நீட்டினோம். சாரதா தட்டைக் கூண்டுக்கு முன்னால் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். துரை அசையவில்லை. இவளும் வாயைத் திறக்கவில்லை. பொழுது சாய்ந்தது. எனக்குள் என்னவோ அறுந்தது. "தின்னுடி!" என்று கன்னத்தில் அறைந்தேன். அவள் தலை கூண்டுக் கம்பியில் இடித்தது. உள்ளே துரை பயத்தில் துள்ளி எதிர்ப் பலகையில் மோதியது. இரண்டு பேரும் ஒரே மாதிரி என்னைப் பார்த்தார்கள்.

அந்தத் தடவையும் துரை மீண்டது. ஆனால் என் கணவர் குழந்தையின் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இன்னொரு தடவை வந்துச்சுன்னா நானே அதை முடிச்சிருவேன், தனம். அது சாவறதைப் பாத்துக்கிட்டே இவளும் சாவணுமா? ஒரே நாள்ல போயிருச்சுன்னா அழுதுட்டு மறந்துருவா."

அவர் கெட்டவர் அல்ல. அந்தப் பேச்சில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறதோ என்று நான் பல நாள் யோசித்தேன். இப்போதும் சில சமயம் யோசிக்கிறேன்.

மூன்றாவது தடவைதான் அந்த அலறல்.

என் கையில் இரத்தம் வழிந்துகொண்டிருக்கும்போதே அவர் பின்கட்டுக்கு வந்தார். அடுப்புக்கு வைத்திருந்த விறகுக் கட்டை ஒன்றை எடுத்தார். கூண்டைத் திறந்து, துரையைக் காதைப் பிடித்துத் தூக்கினார். அது காற்றை உதைத்துக் கத்தியது.

"காதுக்குப் பின்னாடி ஒரே அடி. வலிக்காது. சீனத் தவுக்கே முதலாளி வீட்ல முயலை இப்படித்தான் அடிப்பாங்க. புள்ளையைக் கூட்டிட்டு உள்ள போ."

"வேணாங்க. விடுங்க."

"போன்னு சொல்றேன்ல!"

கட்டையைப் பிடித்தேன். அவர் தள்ளினார். என் இடுப்பு அம்மிக்கல்லில் மோதியது. சாரதா வாசற்படியில் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். கட்டை மேலே போனது. அவர் முகம் கோணிக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தார். நான் எழுந்து அவர் மணிக்கட்டைக் கடித்தேன். பல் இறங்கியது. இறங்கிய பிறகும் விடவில்லை. வாய் உப்புக் கரித்தது. கட்டை அவர் கால் விரலிலேயே விழுந்தது. துரை கீழே விழுவதற்குள் சேலையில் வாங்கிக்கொண்டேன்.

அண்ணி ஓடிவந்து என் கன்னத்தில் ஒரு அறை விட்டார்.

"கட்டுன புருஷனையா கடிக்கிற? நீ மனுஷியா, மிருகமா?"

"தெரியல அண்ணி" என்றேன். அதை யோசிக்க நேரமில்லை. காய்கறிக் கூடையைக் கொட்டிக் கவிழ்த்து, கோணிச் சாக்கை விரித்து, துரையை வைத்து மூடினேன். சாரதாவின் கையைப் பிடித்துக்கொண்டு சந்து முனைக்கு ஓடி ரிக்‌ஷா ஏறினேன். என் வாயிலும் கையிலும் இரத்தத்தைப் பார்த்த ரிக்‌ஷாக்காரன் ஒன்றும் கேட்காமல் இழுத்தான்.

மாட்டாஸ்பத்திரி என்று எல்லாரும் சொல்லும் இடம் அது. நாங்கள் உள்ளே நுழைந்தபோது முற்றத்தில் ஒரு வெறிநாயை நீளக் கழியில் மாட்டிய சுருக்கால் இரண்டு பேர் அழுத்திப் பிடித்திருந்தார்கள். அது தன் முன்னங்காலையே கடித்துக் குதறிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் பந்தயக் குதிரை ஒன்று சுவரை உதைத்துச் செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தது. சாரதாவின் முகத்தை என் இடுப்போடு அழுத்திக்கொண்டேன். மேசையில் உட்கார்ந்திருந்த தமிழ்க் கிராணி என்னைப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டார்.

"அம்மா, மனுஷங்க ஆஸ்பத்திரி அந்தப் பக்கம் லா. இது மாட்டுக்கு."

"எனக்கு இல்லைங்க. முயலுக்கு."

அவர் கூடைக்குள் பார்த்தார். "மாடு, ஆடு, குதிரை, பன்னி, நாய், பூனை… முயலை நான் எதுல எழுதுறது? இதுக்குக் குழம்பு வைக்கத் தெரிஞ்சவனைப் பாத்திருக்கேன், வைத்தியம் தெரிஞ்சவனைப் பாத்ததில்ல."

வராந்தாவில் சிரிப்பு எழுந்தது. பன்றியைக் கட்டி இழுத்து வந்திருந்த சீனத் தவுக்கே, மாட்டு வண்டிக்காரர்கள், மலாய்க் குதிரைக்காரர், எல்லாரும் சிரித்தார்கள். அந்த நேரம் முற்றத்தில் துப்பாக்கி வெடித்தது. நாயின் சத்தம் நின்றது. கூடை என் கையிலேயே குதித்தது. துரை மூடியை முட்டிக்கொண்டு மீண்டும் அலறியது. சிரிப்பும் நின்றது.

"ஆர் அது கத்துறது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். தோள் வரை சட்டையை மடித்து, ஒரு கை முழுக்க நிணமும் இரத்தமுமாக வந்தார், பசுவுக்குப் பேறு பார்த்துக் கன்றை வெளியே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். கூடையைத் திறந்து பார்த்தார்.

"முயலோ! கல்லூரியிலை வெட்டிப் பாத்திருக்கிறன் பிள்ளை. உயிரோட ஒண்டுக்கும் வைத்தியம் செய்யேல்லை. சரி, கொண்டு வாங்கோ."

அவருக்கே தெரியாது என்றதும் கூடையை மூடிக்கொண்டு திரும்பிவிடலாமா என்று தோன்றியது. பொய் சொல்லவில்லையே என்று பிறகு தெம்பாகவும் இருந்தது.

கையைக் கழுவிக்கொண்டு, துரையின் வயிற்றில் விரலால் தட்டினார். மத்தளம் போலச் சத்தம். குழாயை வைத்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். "குடல் பேசேல்லை" என்றார். நல்ல முயலின் வயிற்றில் எப்போதும் குடுகுடுவென்று ஒரு சத்தம் இருக்குமாம். அது நின்றுபோனால் உள்ளே தின்றது புளித்து, காற்று சேர்ந்து, வயிறு ஊதி, வலியிலேயே செத்துப்போகுமாம்.

"என்ன குடுத்தனீங்கள்?"

"விளக்கெண்ணெய்."

"எவ்வளவு?"

"முதல் தடவை ஒரு பாலாடை. போன தடவை ரெண்டு."

"பாலாடையாலையோ! சாப்பாடு?"

"ஒண்ணும் குடுக்கலைங்க. வயிறு கெட்டா பட்டினிதானே…"

அவர் மேசையில் ஓங்கிக் குத்தினார். தட்டிலிருந்த கத்தரிக்கோல்கள் துள்ளிக் கீழே விழுந்தன. சாரதா அழ ஆரம்பித்தாள்.

"பட்டினி! வயித்தாலை போற பிள்ளைக்கே இப்பிடி ஆக்கள் செய்யினம். இது பிள்ளை இல்லை, முயல்! குதிரைக்கும் இதுக்கும் ஒரே மாதிரி வயிறு. சத்தி, வாந்தி எடுக்கத் தெரியாத வயிறு. உள்ளை போனது ஒரே வழியாலைதான் வெளிய வரவேணும். பின்னாலை சாப்பாடு வந்து தள்ளினால்தான் முன்னாலை கிடக்கிறது நகரும். நீங்கள் தள்ளுறதை நிப்பாட்டிப்போட்டு எண்ணெயை ஊத்திக் குடலை முறுக்குறியள்!"

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். நோய் வருவதற்கு முன்னால் என்ன தின்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கீரைத்தண்டு, முட்டைக்கோஸ் மேலிலை, அவரைத்தோல், சமையலில் மிஞ்சுவதெல்லாம் என்றேன். தினமுமா என்றார். தினமும் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். கிருத்திகையன்று எங்கள் வீட்டில் உலை வைப்பதில்லை, காய் நறுக்குவதில்லை. மிச்சம் மீதி எதுவும் கிடையாது. மாலை விளக்கேற்றிப் படைத்த பிறகுதான் எல்லாருக்கும் பிரசாதம். துரைக்கும் அண்ணி தன் கையாலேயே ஊட்டுவார்.

"என்ன பிரசாதம்?"

"சர்க்கரைப் பொங்கல். கொண்டைக்கடலைச் சுண்டல். வாழைப்பழம்."

டாக்டர் தலையை ஆட்டினார். "பகல் முழுக்கப் பட்டினி. பொழுதுபட்டால் வெடிமருந்து. அடுத்த நாள் திரும்பப் பட்டினி, எண்ணெய். இது இவ்வளவு நாள் இருந்ததே பெரிய காரியம்."

மாதம் ஒரு கிருத்திகை. மாதம் ஒரு தடவை நோய். நாங்கள் கண்ணேறு என்றோம், மழை ஈரம் என்றோம், முட்டைக்கோஸில் பூச்சி என்றோம். பக்தியோடு செய்த ஒன்றை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

அதன்பிறகு நடந்ததை நினைத்தால் என் கை இன்னும் இறுகுகிறது. துரையைத் துணியில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய, நான் மேசையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். "பிடி விட்டீங்களெண்டால் உதைச்ச உதையிலை தன்ரை முதுகைத் தானே முறிச்சுக்கொள்ளும். முயலின்ரை எலும்பு அவ்வளவு மெல்லிசு" என்றார் டாக்டர். என் விரலுக்குக் கீழே அதன் இருதயம் துடிப்பது தனித்தனியாகத் தெரியவில்லை. ஒரே அதிர்வாக இருந்தது. கம்பவுண்டர் ரப்பர்க் குழாயால் பின்பக்கமாக வெதுவெதுப்பான தண்ணீர் ஏற்றினார், இதுதான் எனிமா. அது அலறியது. வாயோரமாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் புகட்டினார். பிறகு வயிற்றை முன்னும் பின்னுமாகப் பிசைந்தார்கள். அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நான் சாரதாவைப் பிடித்த அதே பிடி. கை மட்டும் விடவில்லை.

நாய்களை வைக்கும் கூண்டு ஒன்று காலியாக இருந்தது. அதில் சாக்கை விரித்து துரையை விட்டார்கள். பகலெல்லாம் நான் அங்கேயே பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். அரைத்த புல்லைத் தண்ணீரில் குழைத்து அடிக்கடி ஊட்ட வேண்டும். தடவி, நடக்கவிட்டு, மறுபடி ஊட்ட வேண்டும். பக்கத்துக் கூண்டு நாய் கம்பியைக் கடித்துக்கொண்டே இருந்தது. அதன் ஈறிலிருந்து இரத்தம் வழிந்தது. அன்றைக்கே அந்தப் பந்தயக் குதிரை மலாய்க் குதிரைக்காரரின் தொடையை உதைத்து முறித்தது. அவரைக் கதவுப் பலகையில் தூக்கிக்கொண்டு போனார்கள். எந்தச் சத்தம் கேட்டாலும் நான் துரைமேல் கவிழ்ந்துகொள்வேன். பயத்திலேயே முயல் சாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊட்டுவது சரியா, அதிகமாகிவிட்டதா, பிசைவதில் உள்ளே ஏதாவது கிழிந்துவிட்டதா? ஒவ்வொன்றுக்கும் போய் டாக்டரைக் கேட்டேன். "செய்யுங்கோ. தெரிஞ்சால் சொல்ல மாட்டனா?" என்று கத்துவார். அடுத்த நிமிஷம் தானே வந்து குழாயை வைத்துக் கேட்பார்.

சாரதா என் பக்கத்தில் வாயை மூடி உட்கார்ந்திருந்தாள். கஞ்சித் தண்ணீர் மட்டும் இறங்கியது. உதடு வெடித்திருந்தது.

என் கணவர் முதல் நாள் வரவில்லை. மறுநாள் மதியம் ஆபீசிலிருந்து நேரே சாப்பாட்டுக் கேரியரோடு வந்தார். மணிக்கட்டில் கட்டு. நொண்டி நொண்டி நடந்தார். கிராணி அதைப் பார்த்ததும் பதறினார்.

"அண்ணே, நாய்க்கடியா? ஊசி போட்டாச்சா? சும்மா விடக்கூடாது லா, வெறி ஏறிடும்!"

"நாய் இல்ல" என்றார் என் கணவர்.

"பின்ன எது கடிச்சது?"

"என் சம்சாரம்."

கிராணி என்னைப் பார்த்தார். நாற்காலியை மெல்லப் பின்னால் நகர்த்திக்கொண்டார். சீனத் தவுக்கேக்கு யாரோ மலாயில் விளக்கினார்கள். அவர் சிரித்த சிரிப்பில் அவருடைய பன்றியே மிரண்டது. என் கணவர் மட்டும் சிரிக்காமல் கேரியரைத் திறந்து, என் கை கிழிந்திருந்ததால், சோற்றைப் பிசைந்து எனக்கு ஊட்டினார். அத்தனை பேர் முன்னால். எங்களுக்குக் கல்யாணமாகி அதுவரை அப்படி நடந்ததில்லை. மன்னிப்பு என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் அண்ணி வந்தார். பிள்ளையார் கோயிலில் சாத்திய அறுகம்புல் மாலையை வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். டாக்டர் சொன்னதை நான் பயந்து பயந்து சொன்னேன். அவர் நம்ப மாட்டார், சண்டை வரும் என்று நினைத்தேன். அவர் கூண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான்தானே கையால குடுத்தேன்" என்றார். பிறகு கம்பவுண்டரின் உரலை வாங்கி, மாலையைப் பிரித்து, அந்தப் புல்லை ஓங்கி ஓங்கி இடித்தார். உரல் உடைந்துவிடும்போல இருந்தது. கம்பவுண்டர் ஏதோ சொல்ல வந்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அந்த விழுதைத்தான் அன்று இரவுவரை ஊட்டினோம்.

அடுத்த நாள் காலை நாங்கள் வந்தபோது துரை சாக்கில் நீட்டிப் படுத்திருந்தது. செத்துவிட்டது என்று நினைத்து நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். சாரதாதான் கூண்டுக்குள் தலையை விட்டாள். அப்புறம் அவள் கத்தினாள், ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி:

"அம்மா! துரை பீ பேஞ்சிருக்கு!"

கறுப்பாக, மிளகைவிடச் சின்னதாக, முடி சுற்றிய புழுக்கைகள். கோணல் மாணலாக இருந்தன. நான் அவற்றை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். அருவருப்பு என்பதே தோன்றவில்லை. டாக்டர் என் கையைப் பிடித்துக் குனிந்து பார்த்தார். "ஓம். வழி திறந்திட்டுது" என்றார். வராந்தாவில் வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். "போயிருச்சா? போயிருச்சா?" கிராணி எழுந்து நின்று, "முயலுக்கு வயிறு போயிருச்சு!" என்று ஏலம் கூவுவதுபோலக் கூவினார். தவுக்கே பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்துச் சாரதாவிடம் கொடுத்தார். அவள் அதை உரித்து, நின்றபடியே, சாறு முழங்கை வரை வழிய முழுவதும் தின்றாள். துரை இன்னும் ஒன்றும் தின்றிருக்கவில்லை. அதை அவள் கவனித்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் செய்வது இதுதான். புல்தான் சாப்பாடு, கூண்டில் புல் இல்லாத நேரமே இருக்கக் கூடாது. கீரை கொஞ்சம். தானியம், இனிப்பு, சுண்டல் கிடையாது. தினமும் புழுக்கையைப் பார்க்க வேண்டும். சிறுத்தாலோ குறைந்தாலோ அதுதான் முதல் அறிகுறி. ரோமத்தைச் சீவிவிட வேண்டும், நக்கி விழுங்கினால் உள்ளே அடைக்கும். அடுத்த கிருத்திகையன்று விடிவதற்கு முன் அண்ணியே புல் அறுத்து வந்து கூண்டில் போட்டார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "துரை சர்ச்சுக்குப் போற வேதக்காரன்தானே. அவனுக்கு என்னடி கிருத்திகை?" என்றார்.

இத்தோடு நோய் தீர்ந்தது என்று எழுத ஆசைதான். தீரவில்லை. பட்டினியும் இல்லை, சுண்டலும் இல்லை. ஆனாலும் சில மாதம் கழித்துத் திரும்ப வந்தது. டாக்டரைக் கேட்டால் சில வயிறு அப்படித்தான், ஒருமுறை நின்று பழகியது மறுபடி நிற்கும் என்கிறார். ஆகவே வாங்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் அது ஒரு காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

கடைசியாக வந்தது போன மாதம். சாரதாவை அண்ணியிடம் விட்டுவிட்டு, நானும் என் கணவரும் புல் விரித்த கூடையில் துரையை வைத்து டிராம் ஏறினோம். அவர் ஆபீசுக்குப் போகவில்லை. கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு ஆள் மூடி இடுக்கில் எட்டிப் பார்த்தான்.

"முயலா அண்ணே? சாவப்போற மாதிரி இருக்கே. செத்துப்போறதுக்குள்ள அறுத்துரணும் லா. செத்தா ருசி போயிரும். மிளகு கொஞ்சம் தூக்கலா…"

என் கணவர் கூடையை என்னிடம் கொடுத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்து அதையும் என்னிடம் கொடுத்தார். பிறகு எழுந்து அந்த ஆளின் வாயில் குத்தினார்.

அவர் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. அடிக்கத் தெரியவும் இல்லை. அந்த ஆளுக்குத் தெரிந்திருந்தது. என் கணவரின் உதடு பிளந்தது, காலர் கிழிந்து தொங்கியது. பெண்கள் கத்தினார்கள். கண்டக்டர் மணியை அடித்து வண்டியை நிறுத்தி, எங்களைத்தான் கழுத்தைப் பிடிக்காத குறையாக இறக்கிவிட்டான்.

நல்ல வெயில். ஆஸ்பத்திரிக்கு இன்னும் தூரம் இருந்தது. அவர் கூடையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். கூடை குலுங்கியது. அந்தக் குலுக்கல் அதற்கு நல்லதா, கெடுதலா? மெல்லப் போங்கள் என்று சொல்வதா, வேண்டாமா? அவர் உதட்டிலிருந்து இரத்தம் மூடிமேல் சொட்டிக்கொண்டிருந்தது. சொல்லாமல் பின்னால் ஓடினேன்.

திடீரென்று நின்றுவிட்டார்.

"என்னங்க?"

"பேசாத."

காதைக் கூடையில் வைத்தார். பிறகு என் தலையைப் பிடித்து அருகில் இழுத்தார். உள்ளே ஒரு சத்தம். பல்லைக் கடிக்கும் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும்; இது அது இல்லை. புல் அறுபடுகிற சத்தம்.

"திரும்பிருவமா?" என்றேன். "இல்ல, எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிட்டே வருவமா?"

அவர் அசையவில்லை. ரோட்டோரத்தில், கிழிந்த காலரும் இரத்தமுமாக, கூடையை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இரு. அவரு சாப்பிட்டு முடிக்கட்டும்" என்றார்.